செல்ப்ஷ்டென்டிக் என்றால் கடை

தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்ல நான் பழகியது முப்பத்தொன்பதாவது வயதில். அதுவரை எனக்குத் தெரியாத டொச் சொல், அதாவது ஜெர்மன் மொழிச் சொல், என்று ஒன்று உலகத்தில் இருக்கவில்லை. யார் கேட்டாலும் கேட்ட உடனே பொருள் சொல்லிவிடுவேன். அது சரியா பிழையா என்பது வேறு விஷயம். (கேட்கிறவருக்கும் தெரியாது என்பதால் என் பெயர் பல வருடம் கெடாமல் இருந்தது.)

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் தெருவைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அரசாங்கக் கடிதம் வந்தால், அதை உடைக்கும் முன்பே, "ஜெசியிட்டக் குடுங்கோ, அவ சொல்லுவா" என்பார்கள். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் டொச் முழுக்க அங்கே இருக்கிற எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களிடம் கற்றது. பேக்கரியில் பாண் வாங்கப் போனால், அங்கே நிற்கிற பிள்ளை, நான் கதைப்பது தன் செத்துப்போன பெரியப்பா பேசுவது போல இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கும். நான் அதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கதை 'செல்ப்ஷ்டென்டிக்' என்ற ஒரு சொல்லால் வந்த வினை. தானாக, சுயமாக, சொந்தக் காலில் என்று அதற்குப் பல பொருள் உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் மத்தியில் அதற்கு ஒரே பொருள்தான். ஒருவர் செல்ப்ஷ்டென்டிக் ஆகிவிட்டார் என்றால் அவர் கடை போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் அது இன்னும் மோசமான சொல். கம்பித் தொழிற்சாலையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த என் கணவர் அன்ரன் ஒருநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ஜெசி, நான் செல்ப்ஷ்டென்டிக் ஆகப்போறன்" என்றார். டோர்ட்மண்டில் பலசரக்குக் கடை போட்டார். அதே தெருவில் ஏற்கெனவே இரண்டு தமிழ்க் கடை இருந்ததை அவர் கடை திறந்த பிறகுதான் கவனித்தார். ஒன்பது மாதத்தில் பூட்டிவிட்டு மறுபடி கம்பிக்கே போனார். மிஞ்சியது பத்தொன்பது புட்டுக்குழல்கள். அவை எங்கள் நிலவறையில், கிறிஸ்மஸ் குடிலுக்குப் பக்கத்தில் இருந்தன. (ஹம்மில் எத்தனை பேர் புட்டு அவிப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்ட விதத்தைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. வீட்டில் போதுமான அளவு பேசிவிட்டேன்.) அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். என் மகள் ரொஷானி அப்போது மூன்றாம் வகுப்பு, 3b. வீட்டில் அவளுடைய வாயை மூடவைக்க நான் கெஞ்ச வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஒரு சொல் டொச் கதைக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று இரண்டு தரம் பரிசோதித்தார்கள். காது நன்றாகக் கேட்டது. பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்கள் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்தப் பயம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பதால் அது எனக்கு விளங்கவும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர் ஃபிராவ் பிரிங்க்மன். (ஃபிராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு.) குட்டைத் தலைமயிர், கையில் சாவிக்கொத்து, நடை கிட்டத்தட்ட ஓட்டம். அந்த வருடம் அவர் யாரிடமும் கேட்காமல், ஒவ்வொரு நாளும் முதல் அரை மணித்தியாலத்துக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு வாசிப்பு என்று வைத்தார். ஆசிரியர் மட்டுமல்ல, அலுவலகத்துப் பெண், குசினிக்காரி, கட்டடம் பார்க்கிற ஹெர் கொவால்ஸ்கி வரைக்கும் ஆளுக்கு மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மூலையில் இருந்து புத்தகம் வாசிக்க வேண்டும்.

ரொஷானி கொவால்ஸ்கியின் மூலையில் விழுந்தாள். பெரிய மீசை வைத்த அந்த மனிதர் வரிக்குக் கீழே விரலை வைத்து, தடக்கித் தடக்கி வாசிப்பார். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தவள் எட்டாவது நாள் வாயைத் திறந்திருக்கிறாள். "இல்லை ஹெர் கொவால்ஸ்கி, அதில குதிரை எண்டு இருக்கு." அதுதான் அந்தக் கட்டடத்துக்குள் அவள் சொன்ன முதல் டொச் வசனம். அன்று முதல் அவர் வாசிப்பதும் இவள் திருத்துவதுமாகப் போனது. (அவர் வேண்டுமென்று தடக்கினாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.) இரண்டு மாதத்தில் வகுப்பில் கை தூக்கத் தொடங்கிவிட்டாள். அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் அந்தோனியாருக்கு ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்தினேன்.

அப்படியிருக்கும்போதுதான் அவளுடைய பள்ளிப் பைக்குள் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் இன்னும் செல்ப்ஷ்டென்டிக் ஆக விரும்புகிறது, அதைப் பார்க்க மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், பெற்றோர் தயவுசெய்து இத்துடன் உள்ள கேள்வித்தாளை நிரப்பித் தரவும் என்று இருந்தது.

கடிதத்துக்குப் பின்பக்கமும் இருந்தது. பள்ளிக்கூடம் தானாக எவ்வளவு முடிவெடுக்கிறது, அதற்கு எவ்வளவு பொறுப்பாகப் பதில் சொல்கிறது, அதனால் பிள்ளைகள் படிப்பில் முன்னேறுகிறார்களா என்று அவர்கள் அளக்கப்போகிறார்கள். பெற்றோருக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தால் காலை வாசிப்பை நிறுத்தவேண்டி வரலாம். பின்பக்கத்தில் இதெல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. நான் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டதுமே கடிதத்தோடு அன்ரனிடம் ஓடினேன்.

"இஞ்சேருங்கோ, பிரிங்க்மன் பள்ளிக்கூடத்தைக் கடையாக்கப் போறா" என்றேன்.

அன்ரன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "செல்ப்ஷ்டென்டிக் எண்டுதான் போட்டிருக்கு" என்றார். அவருடைய முகத்தில் ஒரு அனுதாபம் தெரிந்தது. "பாவம் மனிசி. ஆரும் அவவுக்குச் சொல்லேல்லைப் போல."

சாட்சிக்கும் குறைவில்லை. முந்தின நாள்தான் பள்ளிக்கூட நடையில் கொவால்ஸ்கி சுவரில் நீளமாகப் பலகைத் தட்டு அடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கடைக்கு அலுமாரி இல்லாமல் பிறகு எதற்காம்? (வாசிப்புப் புத்தகம் வைக்க என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.)

நானோ 3b வகுப்பின் பெற்றோர் பிரதிநிதி. பெற்றோர் கூட்டத்தில் ஜன்னலைப் பூட்டச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன், தெரிவு செய்துவிட்டார்கள். பிரதிநிதி என்றால் சும்மா இருக்கலாமா? சனிக்கிழமை எங்கள் வீட்டு வரவேற்பறையில் கூட்டம் வைத்தேன். மற்ற வகுப்புகளிலிருந்தும் பதினொரு தமிழ்ப் பெற்றோர் வந்தார்கள். ரோல்ஸ் பொரித்தேன். முன் வீட்டுச் செல்வி அக்கா கேள்வித்தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தா.

"ஜெசி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இதில என்ன கேக்கினம்?"

"ரெண்டு பகுதி அக்கா. முதல் பகுதி கடை. எல்லாத்துக்கும் 'பொருந்தாது' எண்டு கடைசிப் பெட்டியில புள்ளடி போடுங்கோ."

"மற்றப் பகுதி? ரெஹென்ஷாப்ட் எண்டு கிடக்கு."

ரெஹென்ஷாப்ட் என்றால் பொறுப்புக்கூறல். செய்ததற்குப் பதில் சொல்வது. எனக்கு அது தெரியாது. ஆனால் ரெஹ்னன் என்றால் கணக்குச் செய்வது என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அது கணக்குப் பாடம் அக்கா. கணக்கு எங்கட பிள்ளையளுக்கு நல்லது. எல்லாத்துக்கும் 'பொருந்தும்' எண்டு போடுங்கோ."

சிலருக்கு எந்தப் பெட்டி என்பதே குழப்பமாக இருந்தது. அதனால் நான் நிரப்பிய தாளை மேசை நடுவில் மாதிரிக்கு வைத்தேன். பதினொரு பேரும் நீலப் பேனையால், மிகவும் கவனமாக, அதைப் பார்த்து எழுதினார்கள். பாபு அண்ணைதான் முதலில் முடித்தார். "பள்ளிக்கூடத்தில எனக்கு ஒருநாளும் இப்பிடி லேசா இருக்கேல்லை" என்று சொல்லி இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். பன்னிரண்டு உறைகளையும் நானே ஒட்டி, திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பெட்டிக்குள் போட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு வேலைக்குப் போனேன்.

அடுத்த கிழமை அந்த மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். ஒரு உயரமான மனிதர், ஒரு கண்ணாடிக்காரப் பெண். வகுப்புப் பிரதிநிதிகளை ஒவ்வொருவராக நூலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தது எல்லாம் ஏழு வயதுப் பிள்ளைகளின் கதிரை. நான் நாட்டில் இருந்து கொண்டுவந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்காரப் பெண் முதலில் பன்னிரண்டு தாள்களை மேசையில் பரப்பினார்.

"பெயர் இல்லாத தாள்கள், யார் எழுதியது என்று நாங்கள் கேட்க மாட்டோம். ஆனால் எங்களுக்கு ஒரு சிக்கல். இந்தப் பன்னிரண்டிலும் எல்லாப் புள்ளடியும் ஒரே இடத்தில் இருக்கிறது. எல்லோரும் தாய்மார் என்று போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் 3b வகுப்பில் ஒரு மகள். நாங்கள் எண்ணிப் பார்த்தோம். 3b வகுப்பில் பெண்பிள்ளைகளே ஒன்பது பேர்தான்."

பாபு அண்ணை என் தாளில் இருந்த 'தாய்' என்ற புள்ளடியையும் சேர்த்துப் பார்த்து எழுதியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் நான் விடவில்லை.

உயரமான மனிதர் சொன்னார்: "பதில்கள் இன்னும் விசித்திரம். பள்ளிக்கூடம் எந்த முடிவையும் தானாக எடுக்கக் கூடாது, ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இப்படி ஒன்றை நாங்கள் எங்கேயும் கண்டதில்லை."

(நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அன்ரனின் நிலைமை அப்போது அதுதான். ஆனால் அதை அங்கே சொல்லவில்லை.)

நான் எழும்பி நின்றேன். மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய பேச்சு. "மதிப்புக்குரியவர்களே, பள்ளிக்கூடம் கடை அல்ல" என்று தொடங்கினேன். அன்ரனின் ஒன்பது மாதத்தைச் சொன்னேன். ஒரே தெருவில் மூன்று கடை நின்றுபிடிக்காது என்றேன். ஃபிராவ் பிரிங்க்மன் நல்ல மனிசி, ஆனால் வியாபாரம் அவருக்குச் சரிவராது, பிள்ளைகளின் நடையில் அலுமாரி அடிப்பதை உடனே நிறுத்துங்கள் என்றேன். "எங்கள் நிலவறையில் இன்னும் பத்தொன்பது புட்டுக்குழல் இருக்கிறது" என்று முடித்தேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனிதர் பேனையை எடுத்து, "புட்டு என்பதை எப்படி எழுதுவது?" என்று கேட்டார்.

கண்ணாடிக்காரப் பெண் சிரிக்கவில்லை. அந்தப் புண்ணியம் அவருக்குப் போய்ச் சேரட்டும். என் கையில் இருந்த கடிதத்தை மெதுவாக வாங்கினார். திருப்பினார். பின்பக்கத்தை விரலால் காட்டி, தானே நிதானமாக வாசித்துக் காட்டினார். காலை வாசிப்பு என்ற இடம் வந்தபோது நான் அந்தக் குட்டிக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன்.

என் கண்ணுக்கு முன்னால் கொவால்ஸ்கியின் மூலைதான் நின்றது. ரொஷானியின் வாயைத் திறந்த அந்த அரை மணித்தியாலத்தை, நானே ரோல்ஸ் பொரித்துக் கொடுத்து, நீலப் பேனையால் பன்னிரண்டு தரம் வெட்டியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பு அன்றைக்கு அதற்குத்தான் உதவியது.

அவர் தண்ணீர் ஊற்றித் தந்தார். "எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படியென்றால் இந்தச் சொல்லை நீங்கள் ஒவ்வொரு நாளும் எழுதுவீர்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை ஏழரை மணிக்கு, தொண்ணூற்றொரு வயது ஃபிராவ் லோமனின் கோப்பில், என் கையால் எழுதியிருந்தேன்: காலைச் சாப்பாட்டைச் செல்ப்ஷ்டென்டிக் ஆகச் சாப்பிட்டார். பத்து வருடமாக நாளுக்குப் பத்துத் தரம் எழுதுகிறேன். ஃபிராவ் லோமன் கடை போட்டதாக ஒருநாளும் நினைத்ததில்லை. வேலையிடத்துச் சொல்லை வேலையிடத்துச் சட்டையோடு கழற்றி வைத்துவிட்டு வருகிறவள் நான்.

"அவர் தானாகச் சாப்பிடுவார் என்றால், நீங்கள் அவரை அப்படியே விட்டுவிடுவீர்களா?" என்று மனிதர் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வருகிற கோபம் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அன்று என் எண்பத்தைந்து வயது டொச்சில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"விடுறதோ? நல்ல கேள்வி. கரண்டி அவட கையில. அதை நான் தொட மாட்டன். சிந்தினாலும் பரவாயில்லை, முக்கால் மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை. நான் பறிச்சுத் தீத்தினா அஞ்சு நிமிசத்தில முடியும், ஆனா அடுத்த மாசம் அவவுக்குக் கரண்டி பிடிக்க ஏலாமப் போயிடும். ஆனா சாப்பிட்டு முடிய நான் பிளேட்டைப் பாப்பன். எவ்வளவு மிச்சம் எண்டு எழுதுவன். மிச்சம் கூடினா ஏன் எண்டு கேப்பன். பல்லு நோகுதோ, மனம் நோகுதோ. அவ எனக்குப் பதில் சொல்லத்தான் வேணும். பிரிங்க்மனும் அப்பிடித்தான். வாசிப்பு அவட கரண்டி. அதை ஒருத்தரும் பறிக்கக் கூடாது. ஆனா என்ர பிள்ளை வாய் திறக்காட்டி, பள்ளிக்கூடத்து வாசலில நிண்டு நான் கேப்பன்."

பிறகு கண்ணாடிக்காரப் பெண், "இதைக் கேட்கத்தான் நாங்கள் நாற்பத்திரண்டு கேள்வி எழுதிக்கொண்டு வந்தோம்" என்றார்.

"அப்ப அந்தப் பன்னிரண்டையும் கிழிச்சுப் போடுங்கோ" என்று கெஞ்சினேன். கிழிக்க முடியாதாம், சட்டம். ஆனால் அந்தப் பன்னிரண்டையும் தனியே எடுத்து வைக்கலாம், நாளை மத்தியானத்துக்குள் அவரவர் தானாக நிரப்பிய புதுத் தாள் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்.

நூலகத்துக்கு வெளியே ஃபிராவ் பிரிங்க்மன் நின்றார். என் அழுத முகத்தைக் கண்டதும் என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்க முடியவில்லை, முழுவதையும் சொன்னேன். அவர் சாவிக்கொத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "கடையில் நான் என்ன விற்பதாக நினைத்தீர்கள்?" என்றார்.

"பேனை, கொப்பி... அப்பிடி ஏதாவது" என்றேன். நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

"கல்லாவில் கொவால்ஸ்கியை இருத்தலாம்" என்று சொல்லிவிட்டு, நடையில் ஓடாமல் நின்று சிரித்த பிரிங்க்மனை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அன்று பின்னேரம் சேலையோடேயே பதினொரு வீடு ஏறி இறங்கினேன். செல்வி அக்கா கதவைத் திறந்ததும் சொன்னேன்: "அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். எனக்கு அந்தச் சொல் தெரியாது." செல்வி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தா. பிறகு, "எனக்கும் அண்டைக்கே ஒரு சந்தேகம் பிள்ளை, ஆனா ரோல்ஸ் நல்லா இருந்தது" என்றா.

இந்த முறை மாதிரித்தாள் இல்லை. தெரியாத இடத்தில் அகராதியை எடுத்து வைத்துப் பார்த்துச் சொன்னேன், புள்ளடி போடும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பன்னிரண்டு தாளும் பன்னிரண்டு விதமாகப் போயின. பாபு அண்ணை மட்டும் மறுபடியும் தாய் என்றே போட்டிருந்தாராம். போன தரம் அப்படித்தானே போட்டேன், மாற்றினால் சந்தேகப்படுவார்கள் என்று யோசித்தாராம்.

வாசிப்பு நிற்கவில்லை. அறிக்கையின் கடைசியில் ஒரு சிபாரிசு இருந்தது. பெற்றோருக்குப் போகும் கடிதங்கள் எளிய மொழியில், ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்பட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். ஏன் என்று இப்போது அங்கே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

மன்னிப்புக் கேட்டு பிரிங்க்மனுக்கு ஒரு புட்டுக்குழல் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை அதில் பூ வைத்திருந்தார். பதினெட்டு மிஞ்சியது.

இப்போது ரொஷானிக்குப் பத்தொன்பது வயது. டோர்ட்மண்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்குப் படிக்கிறாள். இந்த வருடம் தனியாக ஒரு அறை எடுத்தாள். வீட்டைவிட்டுப் போன அன்று, பையை வாசலில் வைத்துவிட்டு, "அப்பா, நான் இனிச் செல்ப்ஷ்டென்டிக்" என்றாள்.

"என்ன கடை மகள்?" என்று கேட்டார் அன்ரன். நிலவறைக்கு இறங்கிப் போய் ஒரு புட்டுக்குழலோடு வந்தார். பதினேழு.

முதல் கிழமை நான் மூன்று தரம் ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். போய்ச் சமைத்து வைத்துவிட்டு வரலாம், அரை மணித்தியால ரயில்தான். ஆனால் கரண்டியைப் பறிக்கிற வேலை அது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு ஒப்பந்தம் செய்தோம். நான் போக மாட்டேன். அவள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சில நாள் பாதி மிச்சம் இருக்கும். மறைக்காமல் அனுப்புவாள். நான் ஏன் என்று கேட்பேன். பரீட்சை என்பாள், அல்லது ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லை என்றால் போன் எடுப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் இல்லை. கீழே, "அம்மா, பின்பக்கத்தையும் பாருங்கோ" என்று எழுதியிருந்தாள். அடுத்த படத்தில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அன்ரனிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"கடை நல்லாத்தான் நடக்குது" என்றார்.